வீமன் வண்டி ஏறிய கதை

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் வேப்பங்குளத்தைக் கடந்ததும் நெளுக்குளத்தை அடைவர். சந்தியில் சில கடைகள், ஒரு மரக்காலை, பள்ளிக்கூடம் விடும் வேளையில் சைக்கிள்களின் நெரிசல், சற்று உட்புறம் திரும்பினால் வயல், வயலுக்கு அப்பால் குளக்கட்டு என்று வன்னிக் கிராமத்தின் இலக்கணங்கள் யாவும் இங்கு உண்டு. இதே வீதியில் மேலும் சிறிது தூரம் சென்றால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பின்னர் இந்த வீதியில் மாணவர் நடமாட்டம் பெருகியிருக்கிறது. ஆயினும் மாலை ஐந்து மணிக்குப் பின் குளக்கட்டில் ஏறி நின்றால் பழைய நெளுக்குளந்தான் கண்ணிற் படும்.

இக்கட்டுரை ஒரு பயணத்தைப் பற்றியது. நெளுக்குளத்திலிருந்து மன்னார் வரை எண்பது கிலோமீற்றர் கூட இல்லை. காலையிற் புறப்பட்டு மாலையில் மீளக்கூடிய வழி அது. அத்தகைய பயணத்துக்கு நாம் இரண்டு மாதம் ஆயத்தம் செய்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். எம்மோடு வரவேண்டியவர்களுள் ஒருவனுக்கு வண்டியில் ஏற இயலாதிருந்தது என்பதே காரணம். அவன் பெயர் வீமன். நிறை 34 கிலோ, வயது பத்து. அல்சேஷன் இரத்தமும் ஊர் நாயின் இரத்தமும் கலந்த பெரிய உடம்பு. இளமையில் வேலியைத் தாண்டுவதும் வண்டிக்குள் ஒரே பாய்ச்சலில் ஏறுவதும் அவனுக்கு விளையாட்டு. சென்ற ஆண்டு முதல் அவன் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன.

மிருக வைத்தியர் அவனைப் பரிசோதித்து, பெரிய உடம்புடைய நாய்களுக்கு முதுமையில் இடுப்பு மூட்டுத் தேய்வது சாதாரணம் என்றார். வண்டியில் பாய்ந்து ஏற விடலாகாது, அதனிலும் முக்கியமாகப் பாய்ந்து இறங்க விடலாகாது என்றும் எச்சரித்தார். நிற்கும் நாயின் நிறையில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. உயரத்திலிருந்து குதிக்கும்போது உடம்பின் முழுப் பாரமும் வேகத்தோடு அம்முன்கால்களில் வந்து விழும். நோயுள்ள பின்கால்களைக் காக்கப்போய் நல்ல முன்கால்களையும் கெடுத்துக்கொள்வதாக முடியும்.

எமது வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது பழைய வான் ஒன்று. பின் இருக்கைகளைக் கழற்றி, படுப்பதற்கு ஒரு பலகைத் தட்டும், கீழே பாத்திரப் பெட்டியும், சிறிய எரிவாயு அடுப்பும், தண்ணீர்க் கலனும் வைத்து நாமே அதனை ஒரு வீட்டு வண்டியாக்கினோம். மேற்குநாடுகளில் குளியலறை, சமையலறை, கட்டில் யாவும் அமைந்த மோட்டார் வீடுகளில் குடும்பங்கள் நாள் கணக்காகச் சுற்றுவதுண்டு. ஜேர்மனியில் வாழும் எம் மைத்துனர் அப்படி ஒன்றில் தம் இரண்டு பெரிய நாய்களோடு போவதைப் படமெடுத்து அனுப்பியதே எமக்கு இந்த ஆசையை ஊட்டியது. அவர் வண்டிக்கும் எம் வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனினும் நாய்க்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் அதன் கண்ணுக்குத் தெரிவது நிலத்துக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள உயரம் மாத்திரமே. எம் வண்டியில் அவ்வுயரம் இரண்டு அடி.

வீமனை வீட்டில் விட்டுச் செல்லலாமே என்று உறவினர் சிலர் கூறினர். நியாயமான யோசனைதான். அயலவர் சோறு வைப்பர், இரண்டு நாளில் திரும்பிவிடலாம். ஆயினும் எமக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் முப்பது ஆண்டுகளுக்கு முந்தியது.

கறுப்பன்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டதை இந்தத் தலைமுறை மாணவர்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அப்போது எமக்கு வயது 13. எமது குடும்பம் அயலவர் ஒருவரின் உழவு இயந்திரத்துப் பெட்டியில் இடம் பெற்றது. பாட்டியாரையும், அரிசி மூட்டையையும், ஒரு தையல் இயந்திரத்தையும் ஏற்றினோம். எம் வீட்டில் கறுப்பன் என்றொரு நாய் இருந்தது. அதுவும் பெரிய நாய்.

உழவு இயந்திரத்துப் பெட்டியின் தளம் நிலத்திலிருந்து மூன்றடி உயரம் இருக்கும். கறுப்பன் இருமுறை பாய்ந்தான். மழையில் நனைந்த இரும்பில் நகம் பிடிக்கவில்லை, இருமுறையும் வழுக்கி விழுந்தான். தூக்கி ஏற்ற எவருக்கும் கையும் இல்லை, நேரமும் இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் நகரச் சொல்லி ஒலி எழுப்பின. பெட்டி நகர்ந்தது. அவன் சனக்கூட்டத்தின் கால்களுக்கிடையே எம்மைத் தொடர்ந்து ஓடிவந்ததை நாவற்குழிப் பாலத்துக்கு முன்பு வரை கண்டோம். அப்பால் காணவில்லை. நாம் தென்மராட்சியில் தங்கி, பின் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து, சில ஆண்டுகளின் பின் வவுனியாவிற் குடியேறினோம். ஊருக்குத் திரும்பியவர்களிடம் விசாரித்தபோது கறுப்பனைக் கண்டதாக எவரும் சொல்லவில்லை.

மனிதர்களை இழந்தோர் நிறைந்த நாட்டில் நாயை இழந்த கதையை எழுதக் கூச்சமாகவே இருக்கின்றது. ஆனாலும் வீமன் வண்டியின் வாயிலில் முன்கால்களை வைத்துக்கொண்டு, பின்கால்களை எழுப்ப முடியாமல் எம்மைத் திரும்பிப் பார்த்த அன்று, எம் கண்முன் நின்றவன் கறுப்பனே. இந்த வண்டி இவன் இன்றிப் போகாது என்று அன்றே தீர்மானித்தோம்.

எமது முதல் தவறு

முதலில் தூக்கி ஏற்றிப் பார்த்தோம். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக 34 கிலோவை இரண்டு அடி உயர்த்துவது பெரிய வேலையன்று. ஆனால் இடுப்பில் கை பட்டதும் வீமன் நோவினால் உறுமினான். பத்து ஆண்டுகளில் எம்மை நோக்கி உறுமியது அதுவே முதன்முறை. தூக்கும் எம் மனைவியாருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே அந்த வழியைக் கைவிட்டோம்.

அடுத்து மரப்படி ஒன்று வைத்தோம். சிறு நாய்க்குப் படி நல்லது. பெரிய நாய், அதுவும் மூட்டு நோயுள்ள நாய், ஒவ்வொரு படியிலும் உடம்பை உந்தி எழுப்ப வேண்டியிருக்கும். இறங்கும்போதோ அதன் நீண்ட உடம்பு மூன்று படிகளில் ஒரே வேளையில் நிற்க நேரும். எனவே சாய்பலகையே தக்கது என்ற முடிவுக்கு வந்தோம். வீட்டில் கிடந்த நான்கடிப் பலகை ஒன்றை எடுத்து வண்டிவாயிலில் சாய்த்தோம். அழுத்தமாகச் சீவப்பட்ட பலகை அது. வீமன் எம்மை நம்பி ஏறினான். நடுப்பலகையில் நகம் வழுக்கிற்று, பலகையின் மேல்முனையும் வண்டியை விட்டு நழுவிற்று. பலகையும் அவனுமாக நிலத்தில் விழுந்தனர். நல்லவேளையாகக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அதன்பின் ஒரு வாரம் எந்தப் பலகையைக் கண்டாலும் அவன் வால் இடுக்கி மாமரத்தடிக்குப் போய்விடுவான்.

விஞ்ஞான பாடம் கற்பிக்கும் எமக்கு இது பெரிய வெட்கம். சாய்தளம் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையிற் படம் வரைந்து விளக்குகின்றோம். எம் முற்றத்தில் அதே கணக்கைச் செய்ய மறந்தோம். இரண்டடி உயரத்துக்கு நான்கடிப் பலகையை வைத்தால் சரிவு 30 பாகையாகும். அப்போது நாயின் நிறையிற் பாதி, அதாவது 17 கிலோ, அதனைப் பலகை வழியே கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஐந்தடிப் பலகையானால் சரிவு 24 பாகைக்குச் சற்றுக் குறையும். ஆறடிப் பலகையானால் 20 பாகைக்கும் உட்படும். கீழிழுக்கும் பாரம் நிறையில் மூன்றிலொரு பங்காக, ஏறக்குறைய 11 கிலோவாக இறங்கிவிடும். உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் என்று மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மைத்துனரும் தொலைபேசியில் இதே கணக்கையே சொன்னார்.

இக்கணக்கைக் கட்டடக்கலைஞர் வெகு காலத்துக்கு முன்பே அறிவர். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லைச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து நீண்ட சாரம் அமைத்து ஏற்றினார்கள் என்பது அங்குள்ளோர் வழங்கும் மரபு. எம் ஊர் மாடுகளும் அதனை அறிந்திருக்கின்றன. மாலையிற் குளக்கட்டில் நின்று பார்த்தால், நீர் குடித்துத் திரும்பும் பசுக்கள் கட்டின் மேல் நேராக ஏறுவதில்லை. குறுக்காக, சாய்வான ஒற்றையடிப்பாதை ஒன்றைத் தம் குளம்புகளாலேயே வெட்டிவைத்து அதன்வழியே ஏறுகின்றன. கன்று ஓடி ஏறும், கிழப் பசுவோ பாதையை விட்டு ஓர் அடியும் விலகாது.

மரக்காலையில்

மைத்துனர் அலுமினியச் சாய்பலகை ஒன்றை வாங்கி அனுப்ப முன்வந்தார். மேற்குநாடுகளில் மடித்து வைக்கக்கூடியனவும், ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டக்கூடியனவுமாகப் பலவகை உண்டு. அவை எடை குறைந்தவை, நல்லவை. ஆயினும் வன்னி வெயிலில் உலோகம் ஒரு மணிநேரம் கிடந்தால் அதில் நாம் கை வைக்க முடியாது. நாய் வெறுங்காலோடு நடப்பது. ஆகவே ஊரிலேயே செய்வித்துப் பார்ப்போம் என்று சந்தியிலிருக்கும் தச்சரிடம் சென்றோம்.

அவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர், அறுபதைக் கடந்தவர். நாம் பாலைமரத்தில் ஒரு பலகை கேட்டோம். அவர் சிரித்தார்.

"மாஸ்டர், பாலை நூறு வருசம் கிடக்கும். ஆனா ஆர் அதைத் தூக்கிறது? நாயைத் தூக்கேலாமல்தானே பலகை கேக்கிறியள்?"

உண்மைதான். பாலை நீரில் மிதவாத மரம். ஆறடி நீளம், ஒன்றரையடி அகலம், ஓரங்குலத் தடிப்பு உடைய பாலைப் பலகை 23 கிலோவுக்குக் குறையாது. முதிரையும் ஏறக்குறைய அப்படியே. அவர் அரையங்குல ஒட்டுப்பலகையை மேலே வைத்து, அடியில் நீளவாட்டில் இரண்டு தேக்கஞ் சட்டங்களைப் பொருத்தலாம் என்றார். பாரத்தைச் சட்டம் தாங்கும், பலகை காலை மாத்திரம் தாங்கினாற் போதும். செய்து முடித்தபின் நிறுத்துப் பார்த்தோம், பத்துக் கிலோ இருந்தது. எம் மனைவியார் ஒருவராகவே அதனை எடுத்து வைக்கலாம்.

ஆறடிப் பலகையை வண்டியில் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. நடுவில் வெட்டிக் கீல் வைத்து மூன்றடியாக மடிப்பது என்று முடிவாயிற்று. கீலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எமக்கும் அவருக்கும் சிறு விவாதம் நடந்தது. நாம் மேற்பக்கம் என்றோம். அவர் இரண்டு துண்டு மரத்தை எடுத்து, கீலை மேலே வைத்துக் கையால் அழுத்திக் காட்டினார். நடுப்பகுதி கீழே மடிந்து விழுந்தது. கீலை அடிப்பக்கம் திருப்பி அழுத்தினார். மேல்விளிம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகி நின்றன. பாரம் ஏறும்போது மேற்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் விரியும். ஆகையால் அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பிலேயே கீல் இருக்கவேண்டும். பட்டம் பெற்றவர் நாம், பாடம் சொன்னவர் அவர்.

மேற்பரப்பைப் பற்றியும் ஆராய்ந்தோம். மணல் தூவிய வண்ணம் பூசினால் வழுக்காது, ஆனால் உள்ளங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கும். வழுவழுப்பான றப்பர் விரிப்பு உலர்ந்திருக்கும்போது நன்று, மழையில் வழுக்கும். முடிவில் தும்புப் பாயையே ஒட்டி, பத்தங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கே அறைந்தோம். தும்பு நனைந்தாலும் நகத்துக்குப் பிடி கொடுக்கும். குறுக்குச் சட்டம் பின்காலுக்கு உந்துபடியாக உதவும். இருபக்கமும் ஓரங்குல விளிம்பு வைத்தோம். விளிம்பில் கால் பட்டதும் நாய்க்குப் பலகையின் எல்லை தெரியும்.

மேல்முனையில் இரண்டு இரும்புக் கொளுக்கிகள் வண்டித்தளத்தின் ஓரத்தைப் பற்றிக்கொள்ளும். எம் முதல் தவறுக்குப் பரிகாரம் அது. கீழ்முனையில் அகலமான றப்பர்ப் பாதம் வைத்தோம். மன்னார் மணலிற் பலகை புதையாமலிருக்க அது வேண்டும். எல்லாம் முடிந்தபின் தச்சர் பலகையின் நடுவில் தாமே ஏறி நின்று இருமுறை குதித்தார். நாயைப்போல் இருமடங்கு பாரத்தைத் தாங்காத பலகையை நாய்க்கு வைக்கலாகாது என்றார்.

கூலி கொடுக்கும் வேளையில் கேட்டோம், உங்களிடமும் நாய் இருந்ததா என்று.

"இருந்தது, மாஸ்டர். 2009இலை வெளிக்கிடேக்கை மாடுகளை அவிட்டு விட்டம். நாயை அவிட்கத் தேவையில்லை. அது பின்னாலை வந்தது."

அதற்குமேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. அவ்வாண்டு வன்னியில் எத்தனையோ ஆயிரம் பேர் அப்படித்தான் வந்தனர். போர் முடிந்தபின் அந்த நிலங்களிலே கண்ணிவெடி தேடும் பணியில் மனிதரோடு மோப்பநாய்களும் ஈடுபட்டன. இன்று நாம் அச்சமின்றிக் கால் வைக்கும் மண்ணில் நாயின் உழைப்பும் கலந்திருக்கின்றது.

பன்னிரண்டு நாட்பாடம்

பலகை வந்துவிட்டது, ஏறவேண்டியவனோ மாமரத்தடியில் இருந்தான். இங்கே எம் மகள் ஆசிரியையானாள். முதல் மூன்று நாள் பலகையை முற்றத்தில் தட்டையாகக் கிடத்தி, அதன்மேல் அவித்த முட்டைத் துண்டுகளை வைத்தாள். நான்காம் நாள் வீமன் நான்கு கால்களும் பலகையில் பட நின்று உண்டான். அதன்பின் ஒரு முனையில் ஒரு செங்கல், இரண்டு நாள் கழித்து இரண்டு செங்கல், பிறகு வாயிற்படி என்று உயரம் கூடிற்று. கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுப்பதில்லை என்று அவள் எமக்கெல்லாம் கட்டளையிட்டிருந்தாள். பயந்த நாயை இழுத்தால் பலகையோடு இழுப்பவனையும் அது அஞ்சத் தொடங்கும்.

ஏறுவதை ஒன்பதாம் நாளிற் கற்றுக்கொண்டான். இறங்குவதற்கு மேலும் மூன்று நாள் வேண்டியிருந்தது. ஏறும் நாய்க்குக் கண்ணெதிரே வண்டி தெரிகின்றது, இறங்கும் நாய்க்கு வெறும் பள்ளம் தெரிகின்றது. ஆகவே சாய்பலகை வாங்குவோர் நாய் இறங்குவதைப் பார்த்தே நீளத்தையும் அகலத்தையும் தீர்மானித்தல் வேண்டும். நல்ல நாளில் அது எப்படி ஏறுகின்றது என்பது அளவன்று. களைத்த நாளில் எப்படி இறங்கும் என்பதே அளவு.

இந்நாட்களில் ஒன்றில், மகாபாரதத்தின் முடிவில் தருமர் நாயை விட்டுத் தேரில் ஏற மறுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இந்திரன் தேரோடு வந்து அழைக்கின்றான். தம்மைத் தொடர்ந்து வந்த நாய்க்கு இடமில்லையெனில் சுவர்க்கமும் தமக்கு வேண்டாம் என்கின்றார் தருமர். எட்டு வயது மகன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்பா, தேர் நல்ல உயரமெல்லோ? இந்திரன் ஓமெண்டு சொன்னால், நாய் எப்பிடி ஏறும்?" என்று கேட்டான். அந்த நாய் தருமதேவதையே என்று வெளிப்பட்டதால் அக்கேள்வி எழவில்லை என்று சொல்லித் தப்பினோம்.

மன்னார் வீதியில்

தை மாதத்துச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பலகையை விரித்தோம். வீமன் பலகையை முகர்ந்தான், எம்மைப் பார்த்தான், ஏறினான். பம்பைமடு, பூவரசங்குளம் என்று ஊர்கள் கழிந்தன. காடு இருபுறமும் பனியில் நின்றது. பறயனாலங்குளத்தில் மதவாச்சி வீதியோடு சேர்ந்து, மடுச் சந்தியைக் கடந்து, முருங்கனுக்கு அப்பால் கட்டுக்கரைக்குளத்தை அண்டி நிறுத்தினோம். தாதுசேன மன்னன் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பெருங்குளம் அது. காலபோக நெல் கதிர் சாய்ந்திருந்த வயல்களுக்கு மேலாகக் கொக்குகள் பறந்தன.

இங்கே ஓர் உபாயமும் கற்றோம். வீதியோரம் சரிவாக இருந்ததால் பலகையின் கீழ்முனை பள்ளத்தில் நின்று சரிவு கூடிற்று. வீமன் தயங்கினான். மாடு ஏற்றும் லொறிக்காரர் வண்டியின் பின்புறத்தை மண் திட்டு ஒன்றுக்கு நேராகப் பின்னெடுத்து நிறுத்துவதைப் பலர் கண்டிருப்பீர்கள். நாமும் வண்டியைத் திருப்பி, பின்வாயிலை மேட்டுப் பக்கமாக வைத்தோம். இரண்டடி ஒரு அடியாகக் குறைந்தது. அவன் வீதியில் நடப்பது போலவே இறங்கினான்.

திருக்கேதீச்சரத்தில் முறைவைத்துத் தரிசனம் செய்தோம். ஒருவர் வெளியே தூரத்து மரநிழலில் வீமனோடு இருக்க, மற்றவர் உள்ளே சென்றனர். நிறுத்திய வண்டியின் உள்ளே வெப்பம் விரைவாக ஏறும் என்பதால் நாயை அடைத்துவைப்பது கூடாது. சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம் இது. போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, பின்னர் மீள எழுந்து, கருங்கற் றிருப்பணி நிறைவேறி, 2022 யூலையிற் குடமுழுக்குக் கண்டது. பாலாவித் தீர்த்தக் கரையில் வீசிய காற்றில் எமது பயணக் களைப்பு நீங்கிற்று.

மன்னார்த் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்தை அணுகும்போது ஆழமற்ற நீரில் செந்நாரைகள் கூட்டமாக நின்றன. 2010இல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் இப்பகுதியில் உள்ளது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் கண்டோம். பல நூறாண்டு வயதுடைய அம்மரத்தின் அடியைச் சுற்றிக் கைகோக்க ஒரு வகுப்பு மாணவரில் பாதிப்பேர் வேண்டும். மன்னார் வீதிகளில் யாருக்கும் அஞ்சாது நிற்கும் கழுதைகளே வீமனுக்குப் பெரும் வியப்பு. குரைக்கத் தொடங்கியவன், ஒரு கழுதை திரும்பிப் பார்த்ததும் பொருள் விளங்காதவன் போல் அமர்ந்துவிட்டான்.

அன்றிரவு நண்பர் ஒருவரின் பனைவளவில் வண்டியை நிறுத்தித் தங்கினோம். மணல் மென்மையாயிருந்தும் றப்பர்ப் பாதம் புதையவில்லை. பிள்ளைகள் உறங்கிய பின் வீமன் தானாகவே எழுந்து, திறந்திருந்த வாயில் வழியே பலகையில் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, மறுபடியும் ஏறி எம் காலடியிற் படுத்தான். எவரும் அழைக்கவில்லை, எவரும் தூக்கவில்லை. நாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு மாலை நெளுக்குளத்துக்கு மீண்டோம். பெரிய நாய் வளர்ப்போர் பயணத்துக்கு முன் அதன் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும், குடிதண்ணீர்ப் பாத்திரத்தையும் எடுத்து வைப்பதோடு, வண்டித்தளத்தின் உயரத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக. நாய் இளமையாய் இருக்கும்போதே பலகையிற் பழக்குதல் நன்று. நோவு வந்தபின் பழக்குவது இரட்டை வேலை என்பதை அனுபவத்திற் கண்டோம்.

பலகை இப்போது எம் வீட்டு விறாந்தையில் மடித்துச் சாத்தப்பட்டிருக்கின்றது. சென்ற வாரம் தச்சர் அவ்வழியே வந்தவர் அதைக் கண்டு, கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லிவிட்டு, முற்றத்திற் கிடந்த வீமனின் தலையைச் சிறிது நேரம் தடவிக்கொண்டு நின்றார். "ஏறுறானோ?" என்று கேட்டார். "ஏறுறான், இறங்கிறான்" என்றோம். "இறங்கிறான் எண்டால் சரி" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.